அண்ணனுக்காக எடுத்த ரத்தம்

என் மகள் பிறந்தபோது அவளை யாரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் அவளுடைய தொப்புள்கொடியின் மேல்தான் இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பிரசவ மேஜையில் கிடந்த நான்கூட முதலில் கேட்டது, "பை நிறைஞ்சிருச்சா?" என்றுதான். ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றவில்லை. நர்ஸ்தான் தானாக, "பொம்பளப் பிள்ளம்மா, நல்லா இருக்கா" என்றாள். டாக்டரம்மா கொடியை நறுக்கிப் பிள்ளையை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த கொடியின் நரம்பில் ஊசியைச் செருகினார். எனக்கும் வலிக்கவில்லை, பிள்ளைக்கும் வலிக்கவில்லை. ரத்தம் கருஞ்சிவப்பாகக் குழாய் வழியே இறங்கி ஒரு சின்னப் பையில் சேர்ந்தது. மற்ற பிரசவங்களில் நஞ்சுக்கொடியோடு சேர்த்துத் தூக்கிப் போடுகிற ரத்தம்.

வெளியே வராண்டாவில் என் கணவரும் அவருடைய அக்காவும் நின்றிருந்தார்கள். பையைப் பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோக ஒரு ஆள் வந்திருந்தார். அவர் வெளியே போனதும், "தேவைக்குக் கிடைச்சுதா தம்பி?" என்று என் நாத்தனார் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. கிடைத்தது என்றார் அந்த ஆள். இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் போனார்கள். பிள்ளையைப் பார்க்க வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்படி ஒரு அவசரத்துக்குக் காரணம் எங்கள் மூத்த பிள்ளை, என் மகன்.

நானும் என் கணவரும் சொந்தம். அவர் என் அத்தை மகன். கோவில்பட்டிக்கு மேற்கே, கழுகுமலை போகிற வழியில் அவர்களுக்குக் கரிசல் நிலம்; பருத்தியும் உளுந்தும் போடுவார்கள். டவுனில் உரக்கடை. மாமனார் மாமியார் இல்லாத வீடு. என் கணவரையும் அவருடைய தம்பியையும் தாயாக இருந்து வளர்த்தவர் என் நாத்தனார்தான். அவரைக் கட்டிக்கொடுத்த இடம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீடு. தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தம்பிகள் வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்பதைக்கூட அவர் போனில் முடிவு செய்வார். நான் விலங்கியல் பட்டம் முடித்துவிட்டுக் கடம்பூரிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

மகன் பிறந்தபோது கறுப்பாகத்தான் இருந்தான். மாதங்கள் போகப் போக வெளுத்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். "நம்ம வம்சத்துலயே இப்படிச் செவத்த பிள்ளை கெடையாதுட்டி" என்று நாத்தனார் வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கி அவன் தூங்கிப்போனதையும், வயிறு ஒரு பக்கமாகப் புடைத்ததையும் கோவில்பட்டி டாக்டர்தான் முதலில் கவனித்தார். உடனே மதுரைக்கு அனுப்பினார். அங்கே சொன்னார்கள்: தலசீமியா. உடம்பு உருப்படியான ரத்தத்தை உண்டாக்காது. மாதாமாதம் அடுத்தவர் ரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை இருக்கும். என்னிடமும் கணவரிடமும் நோயின் பாதிப் பாதி இருந்திருக்கிறது. எங்களை ஒன்றும் செய்யாத அந்தப் பாதிகள் இரண்டும் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கல்லூரியில் இதே விஷயத்தை நாலு கட்டம் போட்டு எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் நாத்தனார் என்னிடம் சொன்னார்: "எங்க தம்பிக்கு ஒரு கொறையும் கெடையாது. எல்லாம் ஒன் வயித்துக் கோளாறு."

என் கணவர் ரோட்டைப் பார்த்தபடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடமும்தான் சொல்லியிருந்தார்.

பிறகு எங்கள் மாதங்கள் ரத்தத்தைச் சுற்றியே ஓடின. பிள்ளை சோர்ந்தால் மதுரைக்குப் போவோம்; ஏற்றிக்கொண்டு வந்தால் கொஞ்ச நாள் தெருவில் ஓடுவான்; மறுபடியும் வெளுப்பான். ஏற்றுகிற ரத்தத்திலிருந்து இரும்புச் சத்து ஈரலிலும் இதயத்திலும் போய்ச் சேராமல் இருக்க மருந்து. மகன் நல்ல பேச்சுக்காரன். "இடது கையில குத்துங்க அக்கா, வலது கையால நான் லாரி வரையணும்" என்று நர்ஸிடம் சொல்வான். உரமூட்டை ஏற்றி வருகிற லாரியைத்தான் எப்போதும் வரைவான். டிரைவரையும் வரைந்து, அவருக்கு மீசையும் போடுவான்.

அவனுக்கு நாலு வயதிருக்கும்போது மதுரை டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது என்றார். அந்தப் பிள்ளைக்கு இந்த நோய் இல்லாமலும், அதன் திசு மகனோடு பொருந்தியும் இருந்தால், பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து உறையவைத்துக்கொள்ளலாம். ரத்தத்தை உண்டாக்குகிற மூல அணுக்கள் அதில் இருக்கின்றன. மகனுடைய பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு இதை ஏற்றினால், அவன் உடம்பே நல்ல ரத்தத்தை உண்டாக்கத் தொடங்கலாம். எல்லாம் "லாம்" என்றுதான் சொன்னார். கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே நாலில் ஒரு வாய்ப்புதான் பொருந்தும், பொருந்தினாலும் உயிருக்கு ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார்.

நாத்தனார் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். "அப்பம் இன்னொண்ணு பெத்தா இவன் பொழச்சிருவான்."

முதலில் தங்கிய கருவைச் சோதித்தபோது அதற்கும் நோய் இருந்தது. கலைத்துவிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் படுத்திருந்தேன். நாத்தனார் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, "அழுதுக்கிட்டுக் கெடக்காத. ஒடம்பைத் தேத்து. அடுத்ததைப் பாக்கணும்" என்றார். பிஞ்சு உதிர்ந்த செடியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. அந்த முறை எனக்குப் பத்தியம் போட்டுச் சமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த கருவுக்குச் சோதனை முடிவு வருவதற்கு முன்னால் ஒரு நாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "நோய் இல்லாம இருந்து, பொருந்தாமப் போச்சுன்னா என்ன செய்ய?"

"என்ன செய்ய? பெத்து வளக்க வேண்டியதுதான்."

"வளத்து?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

பொருந்தியது. நோயும் இல்லை. முடிவு வந்த அன்று நாத்தனார் கழுகுமலைக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து, என் வயிற்றைத் தடவி, "மருந்து வந்துட்டு" என்றார். அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் வீட்டில் பிள்ளை என்ற சொல்லே இல்லை. "மருந்து அசையுதா?" என்று கேட்பார்கள். "மருந்து சுமக்குதவ மாடி ஏறாத" என்பார்கள். மகன் மட்டும்தான் பாப்பா என்று சொன்னான். ஒரு தடவை ரொம்ப யோசித்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டான்: "பாப்பா ரத்தம் எனக்குள்ள வந்தா நானும் பாப்பா மாதிரி அழுதுக்கிட்டே இருப்பனா?"

அவள் பிறந்து, பை சென்னைக்குப் போய், அணுக்கள் போதுமான அளவு இருக்கின்றன என்று அங்கிருந்து செய்தியும் வந்தது. அதற்குப் பிறகு அவளை யாரும் விசாரிக்கவில்லை. பெயர் வைப்பதைக்கூட அண்ணனுக்குச் சரியான பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். நானாக ஒரு பெயரை வைத்துக் கூப்பிட்டேன். மகன் அதை அவனுக்குப் பிடித்த மாதிரி சுருக்கிக் கூப்பிட்டான்.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு நாங்கள் போனபோது அவளுக்கு நடை பழகுகிற வயது. அவளைக் கடம்பூரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு போட்ட அறை. அறைக்குள் நான் மட்டும், முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு. நாத்தனார் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டு வசதியையெல்லாம் விட்டுவிட்டு வெளி வராண்டாவில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைப்பார். அவனிடம் அவர் வைத்திருந்த பாசத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்தப் பாசத்தில் வேறு யாருக்கும் ஒரு துளிகூட மிச்சமில்லை. அவ்வளவுதான்.

பழைய மஜ்ஜையை அழிக்கிற மருந்து ஏறியது. அவனுக்கு வாயெல்லாம் புண்ணாகி, முடியெல்லாம் தலையணையில் உதிர்ந்தது. பிறகு ஒரு நாள் காலையில் பையைக் கொண்டுவந்தார்கள். உறைந்திருந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி, அவன் நெஞ்சில் போட்டிருந்த குழாயில் மாட்டினார்கள். அறை முழுக்கப் பூண்டு மாதிரி ஒரு வாடை. உறையவைக்கச் சேர்க்கிற மருந்தின் வாடை என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பை காலியாகிவிட்டது.

"பாப்பா வந்துட்டாளாம்மா?" என்று கேட்டான்.

"வந்துட்டா."

"சத்தத்தையே காணோம்."

கண்ணாடிக்கு வெளியே என் கணவர் கையை விரித்து, இவ்வளவுதானா என்று சைகையில் கேட்டார். இவ்வளவுதான்.

பக்கத்து அறையில் திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுடைய பெண் பிள்ளைக்கும் இதே நோய். தம்பியின் கொடி ரத்தத்தை எங்களுக்குச் சில நாள் முன்னால்தான் ஏற்றியிருந்தார்கள். அந்தத் தாயும் நானும் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சந்தித்துக்கொள்வோம். "ஏறுதா?" என்பாள். "இன்னும் இல்லை, உங்களுக்கு?" என்பேன். வெள்ளை அணுக்கள் ஏறுவதைத்தான் கேட்கிறோம். அவை ஏறினால் புது மஜ்ஜை பிடித்துவிட்டது என்று அர்த்தம். கொடி ரத்தத்தில் அது கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் பிள்ளையின் உடம்பில் காவலுக்கு யாருமே இல்லை.

அந்த இடைவெளியில்தான் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் பூஞ்சைக் கிருமி. எல்லா மருந்தும் கொடுத்தார்கள். அவன் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று லாரி வரையக் கேட்டான். பென்சிலைப் பிடிக்க விரல் வரவில்லை. நான் வரைந்தேன். "மீசை போடலையே" என்றான். போட்டேன். மறுநாள் அவனை மூச்சு இயந்திரத்தில் போட்டார்கள். அவன் அதிலிருந்து திரும்பவில்லை.

அவன் போன அதே வாரத்தில் திண்டுக்கல் பிள்ளைக்கு அணுக்கள் ஏறின. அந்தத் தாய் என்னைப் பார்க்க முடியாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நானாகப் போய் அவள் கையைப் பிடித்தேன். அவளுடைய மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை.

உடலை வாங்குவதற்கு முன்னால் டாக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "தங்கச்சி ரத்தத்துல ஒரு குறையும் இல்லை. அது பிடிக்கிறதுக்கு முன்னாடியே கிருமி முந்திக்கிச்சு. இது யார் தப்பும் இல்லை." இதை அவர் நிதானமாக, என் கணவரைப் பார்த்தே சொன்னார். கணவர் தலையாட்டினார்.

ஆம்புலன்ஸ் சாத்தூரைத் தாண்டியபோது நாத்தனார் வாயைத் திறந்தார். "அவ ரத்தம் ஏறுன அன்னைக்கே பிள்ளை சுருண்டுட்டான்."

"மதினி, டாக்டர் இப்பத்தானே சொன்னாரு—"

"டாக்டர் ஆயிரம் சொல்லுவான். நான் வராண்டாவுல கெடந்து ரெண்டு கண்ணால பாத்தேன்."

கணவர் முன்சீட்டில் இருந்தார். திரும்பவில்லை.

வீட்டில் உடலை இறக்கியபோது என் அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளை அண்ணனைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து நழுவி இறங்கித் தத்தித் தத்தி அவனிடம் போனாள். நாத்தனார் குறுக்கே காலை நீட்டினார். விழுந்து அழுதாள். "போதும்ட்டி, நீ செஞ்சது போதும்" என்று அந்தப் பச்சைப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் முழுக்கக் கேட்டது. அவர் சொன்னது சாயங்காலத்துக்குள் ஒரு பட்டப்பெயராகித் தெருவைச் சுற்றி வந்துவிட்டது: அண்ணனை முழுங்கினவள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சில வருடம் இருந்தேன். அவனுடைய படத்துக்குக் கூடத்தில் மாலை போட்டிருந்தார்கள். திதிக்குச் சொந்தங்கள் கூடுவார்கள். ஒரு திதிக்கு, அவளுக்கு நாலு வயதிருக்கும், எல்லோரும் பூப்போடுவதைப் பார்த்துவிட்டு அவளும் ஒரு கை செவ்வந்தியை அள்ளிக்கொண்டு படத்துக்குப் போனாள். நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பூவை உதறச் செய்தார்.

"நீ போடாத. அவன் ஏத்துக்கிட மாட்டான்."

பிள்ளை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் படையல் இலையில் எதையோ ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அவளை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. ஆனால் அவளைத் தொடவே மாட்டார். ஒருமுறை முற்றத்தில் விழுந்து முழங்கால் கிழிந்து அவரிடம்தான் ஓடினாள். வழிகிற ரத்தத்தைப் பார்த்தார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் காயத்தைக் கழுவினேன். "அப்பாவுக்கு ரத்தம்னா பயமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாத்தனாரின் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் இவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. தொட்டு விளையாடுகிற ஆட்டத்தில் இவள் தொட்டால் செத்தோம் என்று கீழே விழுந்து நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். இவளும் முதலில் அது ஆட்டம் என்று நினைத்துச் சிரித்தாள். "ஒன் ரத்தத்துல வெஷம் இருக்காம்லா, ஆச்சி சொன்னாவ" என்று ஒருத்தி விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் அழவில்லை. சமையலறைக்கு வந்து என் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் கையை முகர்ந்து பார்த்தாள்.

அந்த மாதமே கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு வீடு பிடித்து மகளோடு வந்துவிட்டேன். கணவர் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வருவார். காய்கறிப் பையைத் திண்டில் வைப்பார். வாசலில் நின்றபடியே என்னிடம் ரெண்டு வார்த்தை பேசுவார். மகள் ஓடிவந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "பள்ளிக்கூடம் போறாளா?" என்று என்னிடம்தான் கேட்பார்.

இப்படியே வருடங்கள் ஓடின. கணவருடைய தம்பிக்குக் கல்யாணமானது. பெண் குளத்தூர்க்காரி, அந்நியம். அவள் கர்ப்பமாக இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் என் வீட்டைத் தேடி வந்தாள். கையில் வழவழப்பான ஒரு சின்னப் புத்தகம். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு கம்பெனிப் பெண் கொடுத்ததாம். அட்டையில் சிரிக்கிற குழந்தை.

"அக்கா, நீங்க பாடம் எடுக்குதவிய. இது உண்மையான்னு சொல்லுங்க. பிள்ளையோட கொடி ரத்தத்தை எடுத்து வச்சுட்டா, பின்னால அதுக்கு எந்த நோய் வந்தாலும் அதை வச்சே சரி பண்ணிரலாமாம். மதினி கண்டிப்பா எடுக்கணும்னு சொல்லிட்டாவ."

நாத்தனார் சொன்னார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. "மதினியா சொன்னாவ?"

"ஆமாக்கா. நம்ம குடும்பத்துக்கு இது அவசியம்னாவ."

"ஏன் அவசியம்னு சொன்னாவளா?"

"இல்லையே."

"உங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் சோதிச்சுப் பாத்தாச்சா? தலசீமியாவுக்கு?"

"அப்படின்னா?"

என் மகன் எப்படிச் செத்தான் என்று அவளுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். மூளைக் காய்ச்சல் என்றாள். பெண் பார்க்க வந்த அன்றிலிருந்து, வயிற்றில் பிள்ளை வளர்கிற அன்று வரைக்கும், அவளிடம் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. இனி குடும்பத்தில் நோய்ப் பிள்ளை பிறந்தால் அதற்கும் ஒரு மருந்து கையில் இருக்கட்டும் என்று கணக்குப் போட்டவர்கள், நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன ரத்தச் சோதனை செய்யச் சொல்லவில்லை. சொன்னால் வம்சத்தின் பெயர் கெடும்.

உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "இந்தப் புத்தகத்துல இருக்கது பூராப் பொய்யில்லம்மா. கொடி ரத்தம் உயிரைக் காப்பாத்தும். திண்டுக்கல் பிள்ளை பொழச்சதை நான் கண்ணால பாத்தேன். எடுக்கதுல தாய்க்கும் பிள்ளைக்கும் வலியும் கெடையாது. ஆனா வீட்டுல ஏற்கனவே ஒரு நோயாளிப் பிள்ளை இருந்து, அதுக்குப் பொருந்துனாத்தான் அது பெரிய வரம். பிள்ளை பிறக்கும்போதே ரத்தத்துல கோளாறு இருந்தா, அது கொடி ரத்தத்துலயும் அதே கோளாறுதான் இருக்கும். அதை எடுத்து வச்சு அதுக்கே ஏத்துனா என்ன ஆவப்போவுது? எல்லா நோயும் சரியாவும்னு சொல்லுதது வியாபாரம். நீ முதல்ல உன் ரத்தத்தைப் பாரு. உன் வீட்டுக்காரர் ரத்தத்தைப் பாரு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள், யாரென்று தெரியாமலே அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து விசிறினாள். அன்றைக்குக் கரண்டு இல்லை.

சோதித்துப் பார்த்தார்கள். கணவருடைய தம்பிக்கு அந்தப் பாதி இருந்தது. அவளுக்கு இல்லை. பிள்ளைக்குப் பெரிய நோய் வராது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். நல்ல செய்திதான். ஆனால் அன்று சாயங்காலமே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"சீக்கு வம்சம்னு ஊர் பூராச் சொல்லி முடிச்சிட்டியா?"

"அவகிட்ட மறைச்சது தப்பு மதினி."

"நீ எனக்குத் தப்பு சரி சொல்லித் தாரியா? ஒண்ணை முழுங்கியாச்சு. இனி இதையும் முழுங்கணுமா ஒன் மவ?"

போனை வைத்துவிட்டேன். சத்தம் வெளியே கேட்கும் போன் அது. மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் நிற்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கணவருடைய தம்பி மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, அவளே போன் செய்து வரச் சொன்னாள். மகளைத் தனியே விட முடியாமல் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது, ஆண் பிள்ளை. பிரசவ அறைக்கு வெளியே மேஜையில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. கொடி ரத்தத்தை எடுத்து வைக்கத்தான் முடிவு செய்திருந்தார்கள். அது அவர்கள் விருப்பம், கேடொன்றும் இல்லை. கம்பெனி ஆள் பெட்டியின் மேல் ஒட்டுகிற சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். மூடி திறந்திருந்தது. உள்ளே அந்தப் பை.

என் மகள் அதைப் பார்த்தாள். நான் வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவள் நேரில் பார்த்ததில்லை. மெல்ல மேஜைப் பக்கம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "தள்ளிப் போட்டி! ஒன் மூச்சு படக்கூடாது இதுல."

கம்பெனி ஆள் விழித்தான். "பரவாயில்லம்மா, பாக்கட்டும். ஒண்ணும் ஆகாது."

"ஒமக்குத் தெரியாது தம்பி. இவ ரத்தத்தை ஏத்தித்தான் எங்க வீட்டுப் பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம்."

வராண்டாவில் என் கணவரும் இருந்தார். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பத்து வருடத்துக்கு மேலாக நான் எதிர்பார்த்த ஒரு வாக்கியத்தை அன்றைக்காவது சொல்வாரென்று அவர் முகத்தைப் பார்த்தேன். செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். அது அடிக்கவே இல்லை.

எனக்குள் என்ன வந்ததோ, நாத்தனாருக்கு நேரே போய் நின்றேன். "இனி ஒரு தடவை எம்மவளைப் பாத்து இந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா, மதினின்னு பாக்க மாட்டேன்."

"என்னட்டி செய்வ?"

எனக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. சிரித்தார். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பிள்ளையைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் கயத்தாறைத் தாண்டியது. வெளியே உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக் கிடந்தது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பைக்காகத்தான் என்னைப் பெத்தியாம்மா?"

இந்தக் கேள்வி வருமென்று எனக்குத் தெரியும். இதற்கு இதமான பதில்கள் சிலவற்றை வருடக்கணக்காக யோசித்தும் வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவற்றில் ஒன்றைக்கூட எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

"ஆமா."

"அண்ணனுக்கு நோய் இல்லைன்னா நான் கெடையாது."

"கெடையாது."

"இப்ப?"

"இப்ப நீ இல்லைன்னா நான் கெடையாது."

அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. "என் ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்லுவேல்ல? அது நம்ம வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அத்தைக்குச் சொன்னாரு, அவிய நம்பல."

"அப்பாவுக்கு?"

"தெரியும்."

"நம்புனாரா?"

டாக்டரின் அறையில் அவர் தலையாட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "நம்புனாரு."

"நம்பிட்டுமா இப்படி இருக்காரு?" என்றாள். கோவில்பட்டி வரும் வரைக்கும் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். பைக் சத்தம் கேட்டும் மகள் உள் அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல்முறையாக, "அவ எங்க?" என்று கேட்டார்.

நான் உள்ளே திரும்பி, "அப்பா கூப்பிடுதாரு" என்றேன்.

"படிக்கேன்னு சொல்லு" என்றாள், அவருக்குக் கேட்கிற சத்தத்தில்.

அவர் போன பிறகு காய்கறிப் பையை உள்ளே எடுத்து வந்தேன். அவள் எழுந்து வந்து, கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்து வைத்தாள்.